பெரியம்மா என்று கூப்பிட்டது

அன்றைக்கு வாசலில் இருந்தவர்கள் இவ்வளவு பேர். கணக்கெடுக்க வந்த டீச்சர். வீட்டுக்காரம்மா. பனியனில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த அம்மா. மூன்றாவது முடித்த அண்ணன். ஒன்றாவது முடித்த அக்கா. நான். அப்பா சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போயிருந்தார்.

நான் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. அப்படித்தான் சொல்லிவைத்திருந்தது.

மடத்துக்குளம் பக்கம் தண்ணீர் இல்லாமல் தோட்டங்காட்டு வேலை நின்றுபோய், நாங்கள் ஐப்பசியில் திருப்பூர் வந்தோம். வீடு தேடி அலைந்தோம். போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, குழந்தைகள் எத்தனை. சாதி கேட்டது அதற்குப் பிறகுதான். மூன்று என்றதும் கதவு சாத்திக்கொள்ளும். எட்டு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ், ஒரு குழாய். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

கடைசியாகப் பார்த்த லைன் வீட்டுக்கு எதிரில் அரசு ஆஸ்பத்திரி. அதன் சுவரில் சிவப்பு முக்கோணமும் ஒரு குடும்பமும் வரைந்திருக்கும். அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். எங்கள் வீட்டைப் பார்த்தே வரைந்த மாதிரி இருக்கும், என்னை மட்டும் விட்டுவிட்டு. வீட்டுக்காரம்மா அந்தச் சுவரைக் கையால் காட்டித்தான் பேசினார்.

"சர்க்காரே ரெண்டு போதும்னு எழுதி வெச்சிருக்குது. நாஞ் சொன்னா மட்டும் பொல்லாப்புங்களா? எனக்கெல்லாம் ஒண்ணுதான். உங்குளுக்கு எத்தனைங்க அம்மிணி?"

நான் அப்பாவோடு டீக்கடையில் நின்றிருந்தேன். அம்மா இரண்டு என்று சொல்லிவிட்டாள்.

இரண்டோடு ஆபரேசன் செய்துகொள்ளச் சொல்லி ஊரில் நர்ஸ் பலமுறை வீட்டுக்கு வந்தாராம். அம்மா இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டிருக்கிறாள். அதற்குள் நான் வந்துவிட்டேன். பிரசவத்துக்குப் போனபோது நர்ஸ் வைதாராம். என்னோடு ஆபரேசனும் ஆனது.

சாமான் ஏற்றிய டெம்போவில்தான் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் அவள் தங்கச்சி மகள். சோமனூரில் இருக்கும் சித்திதான் எனக்கு அம்மா. இங்கே வந்து போய் இருப்பேன்.

"அங்க போயி என்னைய என்னன்னு கண்ணு கூப்புடுவ?"

"பெரியம்மா."

"அப்பாவ?"

"பெரியப்பா."

அப்பா முதலில் சிரித்தார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு அது விளையாட்டு. அந்த விளையாட்டில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. அண்ணன் ஒரு தடவை வீட்டுக்காரம்மா முன்னால், எங்க மூணு பேருக்கும் தோசை, என்று சொல்லி அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கினான். அக்கா என்னிடம் நம்ம அம்மா என்று சொல்ல வந்து தடுமாறுவாள். நான் ஒரு தடவைகூடத் தவறவில்லை. மாசியில் காய்ச்சல் கண்டு பிதற்றியபோதும் பெரியம்மா என்றுதான் பிதற்றினேனாம். அக்கா சொல்லிக் கேட்டபோது எனக்கு அவ்வளவு பெருமை.

ராத்திரி கதவைச் சாத்தியபின் அம்மா மெதுவாகச் சொல்வாள், "இப்ப யாருமில்ல சாமி. அம்மான்னு கூப்புடு."

நான் மாட்டேன் என்பேன். தகரச் சுவர். பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். அம்மாவுக்கு விளையாடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு ஐந்து முடிந்திருந்தது. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் பள்ளிக்கூடம் திறக்கும்போது என்னை நிஜமாகவே சோமனூருக்கு அனுப்பிவிடுவதென்று அப்பாவும் சித்தப்பாவும் பேசி முடித்திருந்தார்கள். அங்கேயே சேர்த்து, அங்கேயே வளர்ப்பது. எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

அப்போதுதான் டீச்சர் வந்தார். வைகாசி வெயில். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளை வீடு வீடாக எழுதிக்கொண்டு வந்தார். வீட்டுக்காரம்மா கூடவே வந்து எல்லார் வீட்டுக்கும் அவரே பதில் சொன்னார்.

"இங்க ரெண்டுங்க டீச்சர். ரெண்டும் உங்க இஸ்கூல்தான்."

டீச்சர் என்னைப் பார்த்தார். "இது?"

"அது இவிய தங்கச்சி புள்ளைங்க. சோமனூரு. வந்தா போறதே இல்ல. பெரியம்மா சோறு அத்தனை ருசி போல."

டீச்சர் குனிந்து என்னிடம் கேட்டார். "உங்கம்மா எங்க கண்ணு?"

"சோமனூர்ல தறி ஓட்டறாங்க."

"இஸ்கூல் எங்க சேருவ?"

"அங்கதானுங்க. பையெல்லாம் வாங்கியாச்சுங்க."

தறியும் பையும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நானே சேர்த்தது. அம்மா மெச்சுவாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

டீச்சர், "அப்ப இங்க எழுத வேண்டியதில்ல," என்று நோட்டை மூடினார்.

அம்மா கத்தரியைக் கீழே வைத்தாள். மடியிலிருந்த பனியனை எடுத்துத் தள்ளி வைத்தாள். எழுந்து நின்றாள்.

"டீச்சருங்க. எழுதிக்கோங்க. இது என்ற புள்ள. மூணாவது."

டீச்சர் நோட்டைத் திறந்தார். "நீங்க அம்மாவா, பெரியம்மாவா? ஒண்ணு சொல்லுங்க. வெயில்ல நிக்கறேன்."

"அம்மாதானுங்க."

வீட்டுக்காரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் அம்மிணி, ரெண்டுன்னுதான சொல்லி ஊடு புடிச்ச?"

"ஆமாங்க்கா. பொய்யிங்க."

"என்னையக் கேணச்சின்னு நெனச்சயா? இத்தனை நாளா என்ற கண்ணு முன்னால கூத்துக் கட்டீருக்கற! அங்க செவுத்துல என்ன எழுதீருக்குதுன்னு தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. அதைப் பாத்துட்டேதான் தெனமும் தண்ணி புடிக்கறேன். எழுதுனவங்க எழுதட்டுங்க. பெத்தது நானுங்க்கா. மூணும் என்றதுங்க."

அம்மா சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் தலையை நிமிர்த்திச் சொன்னாள். கூலி கேட்கும்போதுகூட அவள் அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் அந்த நிற்பை நினைத்தால் எனக்கு முதுகு நேராகும்.

அன்றைக்கு எனக்கு வந்தது கோபம். நான் இத்தனை நாள் கட்டிக் காத்ததை ஒரு வார்த்தையில் கெடுத்துவிட்டாள். காலை உதைத்துக்கொண்டு அழுதேன்.

"நாந்தான் கரெக்ட்டாச் சொன்னேனில்ல! நீதான் தோத்துட்ட, பெரியம்மா!"

டீச்சர் சிரித்துவிட்டார். வீட்டுக்காரம்மாவுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "மாசம் முடியறதுக்குள்ள காலி பண்ணிக்கோங்க," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சாயங்காலம் வந்த அப்பா விஷயத்தைக் கேட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "செரி, வேற பாக்கலாம்," என்றார். அவ்வளவுதான்.

வேறு வீடு கிடைத்தது. சாக்கடை ஓரம். வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர். தலை எண்ண அங்கே யாரும் வரவில்லை. நான் அண்ணன், அக்கா படித்த பள்ளிக்கூடத்திலேயே சேர்ந்தேன். எட்டாவது வரை படித்தேன். இப்போது ஓவர்லாக் டெய்லர். கம்பெனியில் என் லைனில் பாதிப் பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள். உள்ளூரில் வேலைக்குப் பிள்ளைகள் இல்லை என்கிறார் மேனேஜர். இன்னும் பெற்றுக்கொள்ளலாமே என்று டிவியில் இப்போது யாரோ பேசுகிறார்கள். அம்மா கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

சாக்கடை ஓர வீட்டுக்குப் போன முதல் நாள் ஒன்று நடந்தது. சாமானை இறக்கியதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. இன்னொருக்கா சொல்லு."

"அம்மா."

"இன்னொருக்கா."

ஐந்தாறு தடவை சொன்னேன். சலித்துப்போய் விளையாட ஓடிவிட்டேன். இதற்கு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று இருந்தது.

போன பொங்கலுக்கு மூன்று பேரும் கூடியிருந்தோம். நான் அந்தக் கதையை என் சாமர்த்தியமாகத்தான் எடுத்துவிட்டேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை என்றேன். ஆறு மாசம் இருக்குமா என்று அண்ணன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அடுப்படியில் இருந்த அம்மா திரும்பாமலே நாள் கணக்குச் சொன்னாள்.

இருநூற்றுப் பதினொன்று.