நூல் அந்துபோன சாடை

ஒருத்தரோட காலை என் வாயாலயே எடுத்திருப்பேன். நல்லவேளை, அந்த மாசம் எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு.

ஆஸ்பத்திரிக்கு எதிர்க்க ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கறனுங்க. பாலத்தைத் தாண்டுனா பவானி, இந்தப் பக்கம் முழுக்க தறிச் சத்தம். சுகரு, பிரஷருன்னு மாசாமாசம் வாரவங்களுக்கு எங்க சீட்டுப் போடோணும், எந்த ரூமுல மாத்திரைன்னு சொல்லிச் சொல்லியே நான் பாதி டாக்டராயிட்டேன். யாரு வந்து கேட்டாலும், "எதுக்கும் ஆதாரை ரெண்டு ஜெராக்ஸ் வெச்சுக்கங்க"ன்னு மொத மருந்து எழுதறதும் நான்தான். உள்ள யாரும் ஜெராக்ஸே கேக்கறதில்லைங்கறது வேற விசயம்.

பக்கத்து ஊட்டு அண்ணன் நாப்பது வருசமா விசைத்தறி ஓட்டறாரு. காது மந்தம். பேசுனா மூணு தெருவுக்குக் கேக்குதுன்னு கூச்சப்பட்டுட்டு வெளியிடத்துல வாயே தொறக்க மாட்டாரு. தறிக்கொட்டாய்ல பேசற மாதிரி எல்லாமே கைச்சாடைதான். கட்டை வெரலை வாய்க்குக் கொண்டு போனா டீ. ரெண்டு வெரலை ஒட்டவெச்சு வெடுக்குனு பிரிச்சா நூல் அந்துபோச்சு. அவருக்குச் சுகர் வந்தப்ப, காதுக்குத் தொணையா நான் கூடப் போனேன். போன ஒடனே வாயாவும் ஆயிட்டேன்.

டாக்டரம்மா அவரைப் பாத்து, "என்ன பண்ணுது?"ன்னு கேப்பாங்க. பதிலு நான் சொல்லுவேன்.

"மாத்திரையெல்லாம் கரெக்ட்டுங்க. ராத்திரிக்கு மட்டும் நாலு தடவை எந்திரிக்கறாருங்க."

"கால்ல புண்ணு, மரத்துப்போறது ஏதாச்சும்?"

"அதெல்லாம் சுத்தமா இல்லீங்க."

நாலு தடவை எந்திரிக்கறது நானு. பேச்சு வேகத்துல வந்துருச்சு.

அண்ணன் என் சட்டையைப் புடிச்சு இழுத்து, ரெண்டு வெரலை வெடுக்குனு பிரிச்சு, கீழ காட்டுவாரு. தறி நின்னு கெடக்குது, சீக்கிரம் போகோணுங்கறாருன்னு எடுத்துக்குவேன். "இருங்கண்ணா, மாத்திரை வாங்கீட்டுப் போயிரலாம்"ன்னு தோளைத் தட்டுவேன். மூணு மாசம் அதே சாடை, அதே தட்டு.

நாலாவது மாசம், மாரியம்மன் நோம்பில மைக்கைப் புடிச்சு ரெண்டு நாள் கத்துனதுல தொண்டையில காத்து மட்டுந்தான் வந்துது. "ஆத்தா கண்ணைத் தொறந்துட்டா"ன்னு எங்கூட்டுக்காரி சூடம் கொளுத்துனா. அப்படியும் நான் அண்ணன்கூடப் போனேன். நானில்லாம ஆஸ்பத்திரி நடக்குமா?

டாக்டரம்மா வழக்கம்போலக் கேட்டாங்க. நான் வாயத் தொறந்தேன், புஸ்ஸுன்னுது. அவங்க சித்த நேரம் பாத்துட்டு, ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அண்ணன் காதுல மாட்டி, மறுமுனையை வாய்கிட்ட வெச்சுப் பேசுனாங்க.

"ஐயா, உங்களுக்கு என்ன பண்ணுதுங்க?"

அண்ணன் திடுக்குனு நிமுந்தாரு. என்னை ஒரு பார்வை பாத்தாரு. அப்பறம் செருப்பைக் கழட்டிக் காலைத் தூக்கிக் காட்டுனாரு. கட்டை வெரலுக்கு அடியில புண்ணு, புளியங்கொட்டையாட்டம்.

"பாதத்துக்கு வார நூலு அந்துபோன மாதிரிங்க. குத்துனாலும் தெரியறதில்ல. மூணு மாசமா இவருகிட்டத்தான் சொல்லீட்டு இருக்கறேன்." வெளிய வரிசையில நின்ன அத்தனை பேருக்கும் கேட்டுது.

டாக்டரம்மா என்னைக் காட்டி, அண்ணன்கிட்ட ஸ்டெதாஸ்கோப்புலயே கேட்டாங்க. "இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"ஜெராக்ஸ் கடைக்காரருங்க. எனக்குக் காது கேக்காதுன்னு கூட வாராரு. பாவம், அவருக்கும் கேக்காதாட்ட இருக்குது."

டாக்டரம்மா திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வெரலை எடுக்க வேண்டியிருக்கும். அதோட நிக்காம காலுக்கே வந்திருக்கும்"ன்னு, அந்த ஸ்டெதாஸ்கோப்பை என் காதுகிட்டக் கொண்டு வந்து சொன்னாங்க.

அதுக்கப்பறம் ஒருநாள் விட்டு ஒருநாள் அண்ணனைப் புண்ணுக்குக் கட்டுக் கட்ட மொபெட்டுல கூட்டீட்டுப் போனேன். அவரு உள்ள, நான் வெளிய பெஞ்சுல, அவரு பையை மடியில வெச்சுக்கிட்டு. வாயத் தொறக்கறதில்ல. தொண்டை சரியாயி எத்தனையோ நாளாச்சு.

அப்பறம் ஒரு நாளு மாத்திரை வாங்கீட்டு வெளிய வந்தவரு, ரெண்டு கையையும் முடிச்சுப் போடற மாதிரி ஆட்டிக் காட்டுனாரு. அந்துபோன நூலு கூடீருச்சுங்கறாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. கையைப் புடிச்சு, காதுகிட்டப் போயி, "புண்ணு ஆறிருச்சுங்களாண்ணா?"ன்னு கேட்டேன்.

"அது போன வாரமே ஆறிப்போச்சு, சாடை காட்டுனனே. இப்ப வேட்டி அவுருது, மொதல்ல இந்த மாத்திரையைப் புடிங்க."