வேலுச்சாமி போட்ட சாதாரணத் தந்தி

உங்களுக்கு யாராவது வேண்டுமென்றே மெதுவாகச் சேதி அனுப்பியிருக்கிறார்களா? காலையில் மகளின் மெசேஜுக்குப் பதில் போட ஐந்து நிமிடம் ஆனதற்கு, “செத்துட்டியாப்பா?” என்று கேட்டுவிட்டாள். உடனே எனக்குப் பழைய தபாலாபீஸ் கோந்து வாசம் அடித்தது.

எழுபதுகளில், பி.காம். முடித்த திமிரோடு, பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு தபாலாபீசின் தந்திக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். எக்ஸ்பிரஸ் தந்திக்கு இரட்டைக் கட்டணம், முதலில் போகும். சாதாரணம் அதற்குப் பின்னால் காத்துக் கிடக்கும். மலை ஊருக்கென்றால் பாதி வழியில் கடிதங்களோடு தபால் பைக்குள் ஏறிவிடும். எங்கள் பக்கத்தில் எக்ஸ்பிரஸைப் பிரிக்கும் முன்பே அழ ஆரம்பித்துவிடுவார்கள். சாவுக்குத்தானே அவ்வளவு அவசரம்.

வேலுச்சாமி என்றொரு விவசாயி வந்தார். மனைவி படுத்த படுக்கை. மகள் சரசுவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். சரசு மலைமேல் சூரியநெல்லியில், எஸ்டேட் கிளார்க்குக்கு வாழ்க்கைப்பட்டவள். எக்ஸ்பிரஸ்தானே என்றேன்.

“வேண்டாமுங்க தம்பி. புள்ள மாசமா இருக்குது, பயந்துக்கும். ஏற்கெனவே ஒண்ணு தங்கலீங்க.”

எத்தனை நாளாகும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதில் மேதாவித்தனம் காட்டினேன்: ‘உடம்பு மோசம்’ என்பதை அடித்துவிட்டு, ‘அம்மா பார்க்க ஆசைப்படுகிறாள், வா’ என்று மாற்றிக் கொடுத்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான்காம் நாள் திரும்ப வந்தார்.

“இன்னைக்கு எக்ஸ்பிரஸே போடுங்க.”

அது சாதாரணத்தை முந்திக்கொண்டது. அப்படியும் சரசு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அடுத்த வருஷம் இடுப்பில் குழந்தையோடு கவுண்டருக்கு வந்தாள். அந்தச் சாதாரணத் தந்தியை நீட்டினாள். காரியமெல்லாம் முடிந்து மலைக்குத் திரும்பிய பிறகுதான் கையில் கிடைத்ததாம்.

“ஏனுங்க, இது அம்மா இருக்கறப்பவே போட்டதுங்களா?”

ஆமாம் என்றேன்.

“அப்பா வாயே தொறக்கலீங்க. அம்மா என்னைக் கேக்கவே இல்லைன்னு இருந்தனுங்க.”

மழையில் லைன் போய்விட்டது என்று பொய் சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. தந்தியை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

தந்திச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கவுண்டரில் இப்போது ஆதார் அட்டையில் திருத்தம் செய்கிறார்கள்.