எலுமிச்சம்பழமும் மரக்காலும்

போன வாரம் பேரனுக்கு ஒரு பார்சல் வந்தது. இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பார்சல்காரர்கள்தான். சொந்தக்காரர்கள்கூட இத்தனை ஒழுங்காக வருவதில்லை. பையன் உறையைக் கிழித்து உள்ளே இருந்ததை உதறினான். கறுப்பு நிறத்தில் ஒரு பேண்ட். ஒரு காலுக்குள் ஒரு குடும்பமே வாடகைக்கு இருக்கலாம், அத்தனை அகலம்.

என் மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இது பேண்டா, நெல்லுச் சாக்கா? இதப் போட்டுக்கிட்டு காலேஜுக்குப் போனா எவன்டா மதிப்பான்?" என்றான். பேரன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "எல்லாரும் இதத்தாம்ப்பா போடுறாங்க" என்றான். மகன் உடனே என் பக்கம் திரும்பினான். "நீங்களே பாத்துச் சொல்லுங்கப்பா. இது ஒரு அகலமா?"

எனக்கு வந்ததே கோபம். "அவன் காலு, அவன் பேண்ட்டு, ஒனக்கு எங்கடா வலிக்குது?" என்று கத்தினேன். எழுபது வயதுக்கு மேல் இப்படிக் கத்தினால் வீட்டில் கோபம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மருந்து மாத்திரை சரியாகச் சாப்பிட்டாரா என்றுதான் பார்ப்பார்கள். மருமகள் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். மகன் ஒரு வாரமாக என்னோடு சரியாகப் பேசவில்லை. அவனிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அந்தப் பார்சலிலிருந்து புதுத்துணி வாசம் வந்தது. புதுத்துணி என்றால் எனக்கு டெய்லர் சவரிமுத்துதான். காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் அவருக்கு ஒரு சின்னக் கடை. கஞ்சி வாசமும் மிஷின் எண்ணெய் வாசமும் இஸ்திரிப் பெட்டியின் கரி வாசமும் கலந்து அடிக்கும். அறுபதுகளின் நடுவில் நான் காலேஜில் படித்தபோது பேண்ட் என்றால் டைட் பேண்ட். குழாய்க்குள் காலை விடுகிற மாதிரி. பாதத்தில் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைத்து, அப்புறம் காகிதத்தை உருவி எடுக்க வேண்டும். சவரிமுத்து தைத்துக் கொடுத்துவிட்டு, "இதப் போட்டுக்கிட்டு உக்காரப்படாது தம்பி, சொல்லிப்புட்டேன்" என்பார். நாங்களும் உட்கார மாட்டோம். எங்கள் ஊர் கோட்டையூரிலிருந்து காரைக்குடி வரைக்கும் டவுன் பஸ்ஸில், இடம் காலியாகக் கிடந்தாலும், நின்றுகொண்டே போவோம். பார்க்கிறவர்கள் எங்களைப் பெரிய மரியாதைக்காரப் பிள்ளைகள் என்று நினைத்திருப்பார்கள்.

என் அப்பா நிலம் நீச்சு பார்க்கிறவர். நாலு முழ வேட்டியும் தோளில் துண்டும்தான் அவர் உடுப்பு. முதல் நாள் நான் அந்தப் பேண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது அம்மா ஊறுகாய் போட எலுமிச்சம்பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இங்குட்டு வாடா" என்று கூப்பிட்டு, ஒரு பழத்தை எடுத்து, என் இடுப்புப் பக்கமாகப் பேண்ட்டுக்குள் போட்டார்.

"பழம் எங்கடா நிக்குது?"

"தொடையிலப்பா."

"கீழ வரட்டும். வந்துச்சுன்னா நீ இதப் போட்டுக்க."

நான் குதித்தேன். காலை உதறினேன். பழம் அசையவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கடைசியில் பேண்ட்டைக் கழற்றித்தான் பழத்தை எடுத்தேன். அந்தப் பழத்தை அம்மா ஊறுகாயில் போடவும் இல்லை.

மறுநாளே சவரிமுத்திடம் போய்த் தையலைப் பிரித்துத் தளர்த்தி வாங்கிவந்தேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்பா அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. நானேதான் பயந்துபோய்ச் செய்தேன். பழைய தையல் போட்ட இடத்தில் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். அதோடு இரண்டு வருஷம் காலேஜுக்குப் போனேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே அப்பா அவருடைய இளவட்டத்தில் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டவர். அவருடைய அப்பாவுக்குப் பயந்து பள்ளத்தூரில் அக்கா வீட்டில் பத்து நாள் ஒளிந்து கிடந்தாராம். அம்மாதான் சொன்னாள். அப்பாவிடம் கேட்டால், "அது வேற, இது வேற" என்பார். எல்லோருக்கும் அது வேறதான். அவரவர் வயதில் செய்தது நாகரிகம், அடுத்தவன் செய்தால் கோமாளித்தனம். இதை நினைக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் தம்பி மாணிக்கம் என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அவன் காலேஜ் முடித்தபோது எழுபத்து மூன்றோ நாலோ. அதற்குள் உலகம் தலைகீழாகிவிட்டது. காதை மூடிய முடி, கன்னத்தில் பாதி வரைக்கும் கிருதா, தோள் வரைக்கும் நீளுகிற சட்டைக் காலர். பேண்ட் மேலே இறுக்கம், முழங்காலுக்குக் கீழே விரிந்துகொண்டே போகும். பெல்பாட்டம். யாருடைய பெல் எத்தனை அங்குலம் என்று பையன்களுக்குள் போட்டியே நடந்தது. நான் அப்போது தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. கல்யாணமாகி ஒரு பிள்ளைக்குத் தகப்பன். "ஊரு என்னடா சொல்லும்?" என்று ஒருநாள் தம்பியைக் கேட்டேன். அப்படியே அப்பாவின் குரல். அப்போதே நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

தம்பிக்குத் திருச்சியில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ வந்தது. அதுவரைக்கும் நாலு இடத்துக்குப் போய் நாலும் கிடைக்கவில்லை. இதுவும் போனால் வயலுக்குத்தான் வர வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். கானாடுகாத்தானில் அவனுக்கு ஒரு சிநேகிதன் உண்டு, செட்டியார் வீட்டுப் பையன். பினாங்கிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வந்த துணியில் ஒரு பேண்ட் துணியைத் தம்பிக்குக் கொடுத்திருந்தான். காப்பிப்பொடி நிறம். கசக்கினாலும் சுருங்காது. அதைச் சவரிமுத்து இருபத்தெட்டு அங்குல பெல்லாகத் தைத்துக் கொடுத்தார். "தம்பி நடந்து போனாப் போதும், தெருவக் கூட்ட வேண்டியதில்ல" என்றாராம். தம்பி அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தான். இன்டர்வியூவுக்கு இதைப் போட்டுக்கொண்டு போனால் வேலை நிச்சயம் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. நாலு தடவை தோற்றவனுக்கு ஏதாவது ஒன்றின்மேல் நம்பிக்கை வேண்டாமா?

இன்டர்வியூ திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மாமனார் குழந்தையைப் பார்க்க வந்திருந்தார். தம்பி பேண்ட்டை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருந்தான். அப்பா கண்ணில் பட்டது. சம்பந்தி இருக்கிறார், சும்மா விடுவாரா?

"டே பெரியவனே, உள்ள போயி மரக்காலை எடுத்தா."

எங்கள் வீட்டில் நெல் அளக்கிற மரக்கால். எடுத்துவந்தேன். "விட்டுப் பாருடா" என்றார். பேண்ட்டின் கால் வாயை விரித்து மரக்காலை விட்டேன். எங்கேயும் தட்டாமல் முழுசாக உள்ளே போய்விட்டது.

"ஒரு மரக்கா நெல்லு பிடிக்கும்" என்றார் அப்பா.

"அறுப்புக்கு ஆகும் சம்பந்தி, தூக்கிப் போட்டுறாதீக" என்றார் மாமனார்.

தம்பி தலை துவட்டிக்கொண்டு வந்து நின்றான். அவனும் சிரித்தான். அப்பாவும் சிரித்துக்கொண்டே, "சரி, எடுத்து மாட்டு. எதையோ போட்டுக்கிட்டுப் போயி ஒரு வேலையைக் கொண்டாரட்டும்" என்றார். அவ்வளவுதான். விஷயம் அங்கே முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. நான் எலுமிச்சம்பழத்தோடு குதித்தவன். ஊசித்துளை தெரிய இரண்டு வருஷம் நடந்தவன். இவனுக்கு மட்டும் சிரிப்போடு போய்விடுமா? அப்போது நான் இப்படி நினைக்கவில்லை. இன்டர்வியூவில் இவனைக் கேலி செய்வார்கள், அண்ணன் என்கிற முறையில் சரிபண்ணிக் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். வயிற்றெரிச்சல் எப்போது தன் சொந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது? அம்மாவின் கத்தரியை எடுத்தேன். தம்பி சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, முழங்காலிலிருந்து கீழே, இரண்டு கால்களிலும் பக்கத்துக்கு ஒரு துண்டாக வெட்டினேன். வெட்டியதை மறுபடி தைத்தால் சரியாகிவிடும் என்பது தாலுகா ஆபீஸ் மூளை.

தம்பி வந்து பார்த்தான். கீழே கிடந்த துண்டுகளை எடுத்துப் பேண்ட்டோடு வைத்துப் பொருத்திப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"அப்பா அளக்கத்தானண்ணே சொன்னாக."

ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து கடை திறக்க மாட்டார். மாதா கோவிலுக்குப் போய் வந்தவரை அவர் வீட்டிலேயே பிடித்தேன். பேண்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். "தையலப் பிரிச்சிருந்தீகன்னா சேத்துக் குடுத்துருவேன். துணியையே வெட்டிப்புட்டீகளே" என்றார்.

திங்கட்கிழமை தம்பி அப்பா விசேஷத்துக்கு மட்டும் கட்டுகிற எட்டு முழ வேட்டியைக் கட்டிக்கொண்டு திருச்சிக்குப் போனான். வேலையும் கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போயிருந்தால்கூட ஒருவேளை நல்லதாக இருந்திருக்கும். என்னைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பான். கிடைத்ததால் அது அப்பாவின் வெற்றியாகிவிட்டது. "வேட்டி கட்டிப் போனான், வேலையோட வந்தான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். சாகிற வரைக்கும் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன். வெட்டியவன் நான்தான் என்று அந்தக் கதையில் ஒரு நாளும் வரவில்லை. அந்த மரக்கால் அப்பாவுக்குப் பிறகு பழஞ்சாமான் கடைக்குப் போனது. எங்கேயோ ஹோட்டலில் அதில் பூச்செடி வைத்திருப்பார்கள். வைத்துக்கொள்ளட்டும், எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

தம்பி திருச்சியிலேயே வீடு கட்டினான். பொங்கலுக்கும் கோவில் திருவிழாவுக்கும் தவறாமல் வருவான். எப்போது வந்தாலும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கம்பெனியில் பெரிய பதவிக்கு வந்த பிறகும் அப்படித்தான். நான் என் பிள்ளைகளிடம், "சித்தப்பாவப் பாருங்கடா, சொந்த ஊருக்கு எம்புட்டு மரியாதை குடுக்குறாரு" என்று சொல்லுவேன். என் வாயால்தான் சொன்னேன், அதுவும் பலதடவை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தம்பி போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்த மறுநாள், அவனுடைய துணிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவன் மனைவி பீரோவைத் திறந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே முழுக்கப் பேண்ட். மடிப்புக் கலையாமல் வரிசையாகத் தொங்கின. சாம்பல், நீலம், கறுப்பு, காப்பிப்பொடி நிறத்திலேயே நாலைந்து. நாற்பது வருஷத்துக்கு மேலாக என் தம்பி பேண்ட் போட்டு நான் பார்த்ததில்லை.

"இதெல்லாம் எப்பப் போடுவான்?" என்று கேட்டேன்.

"எப்பவும் இதுதான். ஊருக்கு வர்றப்பத்தான் வேட்டி. பையிலயே வச்சிருப்பாக. காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் மாத்திக்கிட்டு வருவாக" என்றாள்.

"எதுக்கு மாத்தணும்? அப்பா போயே இருவது வருசமாச்சே."

அவள் ஒரு பேண்ட்டை எடுத்து மடித்தாள். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது.

"நானும் அதத்தான் கேட்டேன். மாமாவுக்காக இல்லம்பாக. அண்ணன் இருக்காரும்பாக."