தரம் பிரித்த ஆகாயம்

ஏலக்காய்த் தோட்டத்து வீடுகளில் ஆகாயத்தைக்கூட ஏலக்காயில்தான் செய்ய முடியும். ஏழாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு நான் அப்படித்தான் செய்தேன்.

கருப்பு அட்டையில் ஒவ்வொரு காயும் ஒரு கேலக்சி, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம். ரொம்பத் தூரத்தில் தெரிவது ஆதிகாலத்துக் கேலக்சி. அதன் வெளிச்சம் நம்மிடம் வந்துசேர அத்தனை காலம் ஆகிறது என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆதியில் அவை பெரும்பாலும் சின்னதாக, கோணல்மாணலாக இருந்தனவாம். ஒன்றையொன்று விழுங்கித்தான் பெருத்து வடிவத்துக்கு வந்தனவாம். ஆகவே 'இன்று' என்று எழுதிய ஓரத்தில் வீட்டில் இருந்ததிலேயே பருத்த காய்களை ஒட்டினேன். 'ஆதியில்' என்ற ஓரத்துக்குப் பொடியும் சொத்தையுமாகத் தேடிப் பிடித்தேன். முதல் இரண்டு பேரை நெடுங்கண்டத்தில் நடக்கும் போட்டிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போவார்கள். அதைவிடப் பெரிய ஆசை எனக்கு அப்போது கிடையாது.

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு அந்த வருஷம்தான் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எஸ்டேட் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலை. மட்டக் காய் கண்ணில் பட்டால் அவள் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டுப் பாயாசத்தில் கிடந்தாலும் எடுத்து ஓரமாக வைப்பாள்.

பள்ளியில் அட்டையைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துப் பார்த்தேன். ஆதிகாலம் முழுக்க முதல்தரக் காய். இன்றைய காலத்தைவிட அது கொழுத்திருந்தது. காலையில் நான் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சித்தி பிரபஞ்சத்தைத் தரம் பிரித்துவிட்டாள்.

நடுவர் டீச்சர் மலையாளம் கலந்து கேட்டார். “ஆதியில் சிறுசுன்னு சொல்றியே மோளே, சிறுசு எவிடே?”

எனக்கு அழுகை முட்டியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த சித்தி முந்திக்கொண்டாள்.

“நான்தான் பொறுக்கிட்டேன் டீச்சர். நாலு பேரு பாக்குற எடத்துல மட்டக் காய வைக்கலாமா? இடிச்சு டீயில போட்டாச்சு. இவளுந்தான் குடிச்சா.”

கூடமே சிரித்தது. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “சரி, ஆகாசத்துல சிறுசெல்லாம் எங்க போச்சு? நீ சொல்லு.”

“பெருசுங்க முழுங்கிருச்சு டீச்சர். அப்படித்தான் அதுங்க பெருசாச்சு.”

இரண்டாம் பரிசு கிடைத்தது. நெடுங்கண்டம் உறுதி. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனாலும் திரும்பும் ஜீப்பில், தன் காய்க்குத்தான் பரிசு என்று சித்தி எல்லோரிடமும் அளந்தபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கெடுக்கப் பார்த்தவளுக்குப் பெருமை வேறா!

எங்கள் வீட்டில் முதல்தரக் காய் ஏது என்று கேட்கத் தோன்றவில்லை. ஓணத்துக்கு எஸ்டேட்டில் ஆளுக்கு ஒரு கைப்பிடி நல்ல காய் கொடுப்பார்கள். புதிதாகக் கல்யாணமான பெண்கள் அதைத் தொடாமல் முடிந்து வைத்து, முதல் கிறிஸ்துமஸுக்குப் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் போடியில் இருந்த தன் பிறந்த வீட்டுக்குப் புறப்பட்ட சித்தியின் கையில் ஒரு பன் பாக்கெட்தான் இருந்தது. “காய் எங்க சித்தி?” என்று நானே கேட்டேன்.

“எங்கயோ வச்சு மறந்துட்டேன்டி,” என்றாள்.

இப்படியும் ஒரு மறதியா என்று சிரித்தேன்.