மாமாவை அழைக்கப் போன சைக்கிள்

போட்டியில் ஜெயித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், மைக்கை நீட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கடலில் நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீச்சல், அந்த ஈரத்தோடு நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், அது முடிந்ததும் முழு மாரத்தான் ஓட்டம். இந்தப் பைத்தியம் உங்களுக்கு எங்கே பிடித்தது என்று. நானும் பயிற்சியாளருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். உண்மையில் அது குற்றாலத்தில் பிடித்தது, தம்பிக்குக் காது குத்தின அன்றைக்கு.

அப்போது எனக்குப் பதினோரு வயது. வீடு தென்காசியில், காதுகுத்து இலஞ்சி கோயிலில், உச்சிக்கு முன்னால் நல்ல நேரம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எங்களுக்கு இருந்தது ஒரே தாய்மாமன். பட்டாளத்துக்காரர், லீவில் வாசுதேவநல்லூருக்கு வந்திருந்தார். அவரை நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்க வேண்டும். அப்பா போனில் சொல்லிவிட்டார். போலீஸ்காரருக்குச் சீசன் நேரத்தில் ஏது லீவு என்பது அப்பா பக்கத்து நியாயம். எல்லையில் நிற்கிறவனுக்கே லீவு கிடைக்கிறது, அருவிக்கரையில் விசில் ஊதுகிறவருக்குக் கிடைக்கவில்லையாக்கும் என்பது மாமா பக்கத்து நியாயம்.

விசேஷத்தன்று காலையில் மாமா வரவில்லை. அவரைப் பற்றிய செய்திதான் வந்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர், எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் குற்றாலம் பஸ்ஸில் ஏறினதை எதிர்வீட்டு அண்ணாச்சி பார்த்திருக்கிறார். விசாரித்ததற்கு, சாரல் நல்லா இருக்கு, குளிக்க வந்தேன் என்றாராம். போனைப் போட்டுப் பார்த்தோம், அணைத்து வைத்திருந்தார். அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அப்பா புதுச் சட்டையைப் போட்டார், கழற்றினார், மறுபடியும் போட்டார்.

"குளிக்க வந்த ஆளு குளிச்சிட்டுப் போட்டும். நான் எதுக்கு அங்கன போயி நிக்கணும்?" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் இருக்கிறாரே, அவர் மடியில் வைத்துக் குத்திவிட்டால் என்ன என்று பெரிய அத்தை மெதுவாக ஆரம்பித்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எங்க அண்ணன் மடியில இல்லாம எம்பிள்ள காதுல ஊசி படாது. அப்படிக் குத்துனா, அதோட எனக்குப் பெறந்த வீடு இல்ல."

பெரிய அத்தை, அம்மா வைத்துவிட்ட பூவை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா அழுகிறாள், மாமா குற்றாலத்தில் இருக்கிறார் என்பதுதான். பின்கட்டில் கிடக்கிற அப்பாவின் பழைய சைக்கிள் வாசலில் நின்றது. மோட்டார் சைக்கிள் வந்தபிறகு ஆயுதபூஜைக்கு மட்டும் துடைக்கப்படுகிற சைக்கிள். தட்டிலிருந்து கொஞ்சம் வெற்றிலையும் பாக்கும் எடுத்துப் பட்டுப்பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு, குரங்குப் பெடல் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஆனி மாதத்துக் காற்று. செங்கோட்டைக் கணவாயில் புகுந்து நேரே நெஞ்சில் வந்து மோதியது. பெடலை மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருந்தது. மெயின் அருவிக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே ஒரே தலைகள். யார் மாமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டீக்கடையில் கேட்டேன்.

"மிலிட்டரிக்காரர்தானே? இங்கன கூட்டமா இருக்குன்னு அஞ்சருவிக்குப் போறாரு. யாராவது தேடி வந்தா சொல்லச் சொன்னாரு" என்றார் கடைக்காரர்.

ஐந்தருவிக்கு மிதித்தேன். அங்கே மங்குஸ்தான் விற்கிற அக்கா, அவர் பழைய குற்றாலம் போய்விட்டதாகச் சொன்னாள். அவளிடமும் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். துப்பறிந்து துப்பறிந்து மாமாவை நெருங்கிக்கொண்டிருப்பதாக எனக்கு ஒரே பெருமை. பழைய குற்றாலத்துக்குப் போகிற வழியில் பாவாடை செயினில் மாட்டிக் கிழிந்தது, நானும் சைக்கிளுமாக விழுந்தோம். முழங்காலில் ரத்தம். செயின் கழன்றுவிட்டது. சைக்கிளை ஒரு சிப்ஸ் கடையில் சாத்திவிட்டு மிச்ச தூரத்தை ஓடினேன்.

ஆண்கள் குளிக்கிற பக்கம் போகக் கூடாது என்று யாரோ தடுத்தார்கள். கைக்குக் கீழே புகுந்து அருவிக்குள் போய்விட்டேன். தலையில் தண்ணீர் விழுந்த வேகத்தில் மூச்சே நின்றுவிட்டது. தடவித் தடவிப் போய், தெரிந்த மச்சம் உள்ள ஒரு முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, அம்மா அழுதா."

மாமா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். இடுப்பில் ஒரே ஒரு வெற்றிலை மிஞ்சியிருந்தது, அதுவும் கிழிந்து. அதை நீட்டினேன். அவர் வெற்றிலையைப் பார்த்தார், என் முழங்காலைப் பார்த்தார்.

"ஏட்டி, ஆரு அனுப்புனா?"

"நானாத்தான் வந்தேன்."

"உங்கப்பா என்ன செய்தாரு?"

"சட்டையப் போடுதாரு, கழத்துதாரு."

மாமா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்த பிறகும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பையைத் திறந்தார். உள்ளே மடிப்புக் கலையாத பட்டு வேட்டியும், சின்னப் பெட்டியில் தம்பிக்குத் தங்கக் கடுக்கனும் இருந்தன. பெரியவர்கள் குளிக்க வந்தால் இதெல்லாம் கொண்டுவருவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சைக்கிளை ஆட்டோவின் பின்னால் கட்டிக்கொண்டு, நேரம் தப்புவதற்குள் கோயிலுக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் அப்பா தட்டோடு நின்றார்.

"வாங்க அத்தான்" என்றார்.

"வாறேன் மாப்ளே" என்றார் மாமா.

அவ்வளவுதான் பேச்சு. மாமா மடியில் தம்பி ஊரைக் கூட்டினான். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பட்டுப்பாவாடையை நாசமாக்கியதற்கு எனக்கும், விசேஷ நாளும் அதுவுமாகக் கையெல்லாம் கறுப்பு மசியோடு தட்டைப் பிடித்ததற்கு அப்பாவுக்கும் பெரிய அத்தையிடம் திட்டு விழுந்தது.

அடுத்த லீவில் மாமா என் உயரத்துக்கு ஒரு சைக்கிள் வாங்கிவந்தார். நான் குளத்தில் நீந்தும்போது அப்பா என் துண்டை மடியில் வைத்துக்கொண்டு கரையில் இருப்பார். இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்தது, அது நான்தான். தேசியப் பட்டம் வாங்கின அன்றைக்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அதைவிடப் பெரிய மெடல் எதுவும் என்னிடம் இல்லை.

இப்போதும் எந்த நாட்டுப் பந்தயத்திலாவது எதிர்காற்று அடித்தால் மற்றவர்கள் முகம் சுருங்குகிறது, எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருக்கிறது. கடைசி ஓட்டத்தில் கால் மரத்துப்போகும் நேரம், தண்ணீர் கொடுக்கிறவர்கள் சொல்வார்கள், முன்னால் போனவள் இப்போதுதான் இந்த வளைவைத் தாண்டினாள் என்று. உடனே அந்த டீக்கடைக்காரர் ஞாபகம் வந்துவிடும், கால் தானாக நகரும். கோபித்துக்கொண்டு போகிற மனிதர் கடைக்குக் கடை எதற்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. வருஷம் முழுக்கக் காற்றில்லாமல் கிடக்கிற சைக்கிளின் இரண்டு டயரும் அன்று காலையில் மட்டும் எப்படிக் கல் மாதிரி இருந்தன என்றும் தோன்றவில்லை. அப்பா கையில் இருந்த செயின் மசியை நானும் பார்த்தேன். அத்தை சொல்கிறாளே, கையைக் கழுவிவிட்டு வந்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.