எழுநூற்று ஒன்றாவது மணியில் ஓட்டியது யார்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர் முதலில் எதைப் பார்ப்பார்? பெயின்ட், டயர், கிலோமீட்டர்... நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் — போன ஞாயிறு வரை.

என் மச்சான் செல்வத்துக்கு ரெட்டிபாளையத்தில் டிப்பர் லாரிகள் ஓடுகின்றன. சுண்ணாம்புக்கல் லோடு. டிரைவர் வராவிட்டால் அவரே ஏறி ஓட்டுவார். அவருக்கு நாற்பத்தைந்து வயதில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்துவிட்டது.

பூலாம்பாடியில் ஒருவர் விற்கிறார் என்றதும் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஏன் விற்கிறாராம்?

"முதுகு வலிங்க. உக்காந்துடுறேன்... எந்திரிக்கத்தான் ரெண்டு ஆளு வேண்டியிருக்கு."

இரண்டே சீட். அதனால் மச்சானும் நானும் மட்டும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். பெரம்பலூர் பைபாஸில் ஒரு தடவை வண்டி குலுங்கி வீலென்று கத்தியது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கத்தத்தானே செய்யும்? மச்சானுக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த ஞாயிறு, திருச்சியிலிருந்து மெக்கானிக் பஷீர் பாயை அழைத்துப் போனோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் செருகி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன பாய் பாக்குறீங்க?"

"கிலோமீட்டரைக் குறைச்சு வெச்சிடலாம் சார். ஆனா இன்ஜின் அளவுக்கு மீறிச் சுத்தியிருந்தா, ஓடுன எத்தனாவது மணி நேரத்துலன்னு உள்ள இருக்குற கம்ப்யூட்டர் எழுதி வெச்சிரும்."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிச்சாலா?"

"அதை வண்டியே தடுத்துடும். மேல் கியர் போடுறதுக்குப் பதிலா கீழ் கியரைப் போட்டுட்டா, அதால ஒண்ணும் பண்ண முடியாது. இன்ஜினே போயிடலாம்."

திரையில் எண்கள் வந்தன. பாய் புருவத்தைத் தூக்கினார். "மொத்தம் எழுநூத்தி ரெண்டு மணி நேரம் ஓடியிருக்கு. எழுநூறு வரைக்கும் சுத்தம். எழுநூத்தி ஒண்ணுல ஒரு தடவை மீறியிருக்கு."

விற்கிறவர் முகம் செத்துவிட்டது. "நான் வண்டியைத் தொட்டே மூணு மாசமாச்சே!" ஒரு நிமிடம் யோசித்தார். "முருகேசன்தான்! போன வாரம் பெட்ரோல் போட எடுத்துட்டுப் போனான்."

முருகேசன் அவர் வீட்டு டிரைவர். பத்து வருஷமாக இருப்பவர். "இன்னையோட அவனை நிறுத்திடுறேன்" என்று போனை எடுத்துவிட்டார்.

"போனை வைங்கண்ணே," என்றார் மச்சான். "அது நான். பைபாஸ்ல மூணாவது கியர்லேர்ந்து நாலுக்கு இழுத்தேன். டிப்பர் ஓட்டுன கை... வெடுக்குன்னு இழுத்ததுல ரெண்டுல விழுந்துடுச்சு. இன்ஜின் எப்படி இருந்தாலும் வண்டி எனக்குத்தான். நீங்க சொன்ன வெலைதான்."

பாய் மேலும் ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு, "தப்பிச்சீங்க, சேதம் ஒண்ணும் இல்ல" என்றார். எனக்குத்தான் மச்சானை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கம்ப்யூட்டர் மணியைத்தானே எழுதியிருந்தது, பெயரை எழுதவில்லையே? மச்சான் பேசாமல் இருந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டிருக்கலாம். முருகேசனுக்கு வேலை போயிருக்கும். விஷயம் தெரிந்த இன்னொரு ஆளும் அங்கேதான் நின்றிருந்தார்...

இரண்டே சீட் என்றேனே — பக்கத்து சீட்டில் இருந்தவன் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. அது எந்த லேப்டாப்பிலும் வராது என்பதால் இங்கே எழுதிவிட்டேன்.