கிழக்கே சாய்ந்த வீடு

திகனைக்கு அப்பால் உள்ள நீர்த்தேக்கத்தில், பிளாஸ்டிக் பீப்பாய்களின் மேல் பலகை அடித்த மிதக்கும் வீடொன்றில் நானும் மனைவியும் வசிக்கிறோம். தண்ணீருக்குள் மீன் வளர்க்கும் கூடுகளைக் காவல் காப்பது என் வேலை. வீட்டை நடத்துவது அவளுடையது, அதுதான் கடினம். எண்ணெய்ப் போத்தலை அரைவாசிக்கு மேல் நிரப்பமாட்டாள். அலுமாரிக் கதவுகளுக்குக் கொக்கி போட்டிருக்கிறாள். வாளித் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே, வீட்டைக் கட்டி நிறுத்தியிருக்கும் கயிறுகளில் எதை இறுக்க வேண்டும் என்பாள். நான் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

பொங்கலுக்கு வழக்கமாகக் கம்பளையில் கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போவோம். இந்த முறை, "நம்ம வீட்டுலதான் பொங்கணும்" என்றாள். இங்கே குடிவந்த பிறகு அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

தண்ணீர்மேல் பொங்க முடியும் என்று அண்ணன் நம்பவில்லை. எங்களைக் கூட்டிப்போக விடியும்போதே வந்துவிட்டார். கனத்த உடம்பு, அவர் தோணியிலிருந்து ஏறியதும் பலகைகள் முனகின.

"என்ன தங்கச்சி, பொங்கல் சூரியனுக்கா, மீனுக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான். மிஞ்சினா ஒங்களுக்கு."

தகரத்தட்டில் மணல் பரப்பி, செங்கல் அடுக்கி, கிழக்கு முகப்பில் பானையை ஏற்றியிருந்தாள். பால் கிழக்கே பொங்கி வழிந்தால் அந்த வீடு விளங்கும் என்பது அவர்கள் குடும்பத்து நம்பிக்கை. நுரை கட்டும் நேரம் பார்த்துக் காற்று எழுந்தது. ஒரு கயிற்றின் முடிச்சு நழுவ, வீடு மெல்லத் திரும்பியது. அடுப்பு, பானை, கோலம் எல்லாம் சேர்ந்து தெற்கே போயின.

"பாத்தியா? இதுக்குத்தான் தரையில பொங்கச் சொன்னேன்," என்றார் அண்ணன்.

அவள் விறகை வெளியே இழுத்தாள். எழும்பிய பால் அடங்கியது. "என்னங்க, கயிறு!"

முகப்பு மூலையில் நின்று தனியாக இழுத்தேன், வீடு அசையவில்லை. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இழுங்க மச்சான்! கஞ்சிகூடக் குடிக்கலயா?"

இருவருமாக இழுத்ததில் வீடு பழையபடி திரும்பியது. அவர் நின்றதில் முகப்பும் இரண்டு விரல் தாழ்ந்தது. அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"அண்ணே, அங்கயே நில்லுங்க! அசையாதீங்க!"

விறகை உள்ளே தள்ளினாள். மலைக்கு மேல் வெயில் வந்தது. பால் பொங்கி, தாழ்ந்த பக்கமாக, கிழக்கே வழிந்தது. எங்களைவிட உரக்க, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தியவர் அண்ணன்தான்.

பிறகு கயிற்றை விடாமலே தன் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். "நாங்க வரல்ல. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நீ இங்க வா. இல்லடி, இப்ப எனக்கு அசைய ஏலாது."